எங்கள் வீட்டு முழு நைட்

இரவு இரண்டேகால் மணிக்குச் சமையலறை விளக்கைப் போடாமல், குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, அதற்குள்ளிருந்து வரும் வெளிச்சத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். மேல்தட்டில் மூடி போட்ட சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில், மனைவி படுக்கப் போகுமுன் பீய்ச்சி வைத்த தாய்ப்பால் இருக்கும். ஃபிளாஸ்கில் இருக்கும் வெந்நீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அதற்குள் கிண்ணத்தை இறக்கி, மேலே ஏடு போலத் திரண்டு நிற்கும் கொழுப்பு பாலோடு கலக்கும்வரை மெதுவாகச் சுழற்றுவேன். ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டுச் சூடு பார்த்த பிறகு, வெள்ளிச் சங்கில் ஊற்றிக்கொண்டு தொட்டிலுக்குப் போவேன். எட்டு மாதமாகும் மகன் அதற்குள் சிணுங்கலைத் தாண்டி அழத் தொடங்கியிருப்பான். மடியில் கிடத்திச் சங்கின் மூக்கை உதட்டில் வைத்ததும் கைகள் இரண்டும் அடங்கிவிடும். கால் கட்டைவிரல்கள் மட்டும் விரிவதும் மடங்குவதுமாக இருக்கும். எழுபது மில்லி குடித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். தோளில் சாய்த்து, முதுகைத் தடவி, ஏப்பம் வந்த பிறகு மறுபடியும் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டத் தொடங்கினால், உத்தரத்துக் கொக்கியில் ஸ்பிரிங் உரசும் ஓசை மட்டும் அறையில் கேட்கும்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறார். மகளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. கடந்த நான்கு ஆண்டுகளில் இந்த வீட்டில் தொலைந்த தூக்கத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்று நாங்கள் மிகவும் தாமதமாகத்தான் கணக்குப் பார்த்தோம். அந்தத் தாமதத்தைப் பற்றியே இங்கே எழுத நினைக்கிறேன்.

அதைச் சொல்ல என் சிறுவயது வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அப்பா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று அவருடைய முறை மாறிக்கொண்டே இருக்கும். முழு நைட் வாரத்தில் நள்ளிரவுச் சங்கு ஊதும்போது மில்லுக்குள் போகிறவர், விடிந்த பிறகுதான் வெளியே வருவார். புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளித்து, சாப்பிட்டு, எட்டரை மணிக்கு அவர் படுத்துவிட்டால் வீடு முழுவதும் அடங்கிவிடும். அம்மா சன்னலில் ஒரு பழைய போர்வையைக் கட்டித் தொங்கவிடுவார். அம்மியில் அரைக்க வேண்டியதை முன்பே அரைத்து வைத்துவிடுவார். குக்கரை அடுப்பில் ஏற்ற மாட்டார். "அப்பா முழு நைட் பார்த்துட்டு வந்து படுத்திருக்காரு, சத்தம் போடாதீங்க கண்ணு" என்று எங்களை வாசலுக்கும் அப்பால் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிடுவார். லைன் வீடுகளில் பக்கத்துக் குடும்பங்களும் இதை மதித்தன. ஒரு வீட்டுச் சன்னலில் பகலில் போர்வை தொங்கினால், அந்த வீட்டு வாசலில் யாரும் உரக்கப் பேச மாட்டார்கள். இரவில் உழைத்தவருக்குப் பகல் தூக்கம் ஓர் உரிமை என்பது அங்கே யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தங்கை பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அவள் இரவெல்லாம் அழுவாள். விழிப்பு வரும்போதெல்லாம் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தொட்டில் கயிற்றைக் காலால் இழுத்துக்கொண்டிருப்பதை அரைத்தூக்கத்தில் பார்த்திருக்கிறேன். அம்மாவும் முழு நைட்தான் பார்த்திருக்கிறார்; அதுவும் வாரமுறை மாறாத முழு நைட். அவருக்காக அந்த வீட்டில் யாரும் எந்தச் சன்னலிலும் போர்வை கட்டவில்லை. இத்தனை ஆண்டுகள் இது என் கண்ணில் படவே இல்லை.

முதல் குழந்தை பிறந்தபோது, வழக்கப்படி மனைவி பொள்ளாச்சியில் தாய்வீட்டில் ஐந்து மாதங்கள் இருந்தார். நான் சனிக்கிழமை மாலை போய் ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பிவிடுவேன். குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி, மணக்க மணக்க மடியில் கொண்டுவந்து கிடத்தப்படும் குழந்தையைத்தான் நான் கண்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனைவி எங்கள் வீட்டிலேயே இருந்தார்; அம்மாவும் உதவிக்கு வந்துவிட்டார். இரண்டாம் நாள் இரவே அம்மா என் தலையணையை எடுத்து அடுத்த அறையில் போட்டு, "நீ இங்க படு சாமி, காலைல வேலைக்குப் போகோணும்" என்றார். நானும் போய்ப் படுத்துக்கொண்டேன். அதில் தவறு இருப்பதாக வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதை இப்போது வருத்தத்தோடு எழுதுகிறேன்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று மருத்துவக் கையேடுகள் சொல்கின்றன. அவ்வளவு தூங்கும் குழந்தையை வைத்துக்கொண்டு தாய் ஏன் தூங்க முடியவில்லை என்று குழந்தை இல்லாதவர்கள் கேட்பதுண்டு. அந்தத் தூக்கம் முழுவதும் சிறு சிறு துண்டுகளாக வருகிறது என்பதுதான் காரணம். பெரியவர்களுக்கு ஒரு தூக்கச் சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடங்கள் ஆகும். பச்சிளங்குழந்தைக்கு அது 50 நிமிட அளவுதான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மெலிந்து விழிப்பின் ஓரத்துக்கு வரும். பசி, ஈரத்துணி, கொசு, மின்விசிறி நின்ற அமைதி என்று ஏதாவது ஒன்று அந்த ஓரத்தில் காத்திருந்தால் குழந்தை எழுந்துவிடும். மேலும், பிறந்த குழந்தையின் தூக்கத்தில் பாதியளவு, இமைக்குள் விழிகள் உருளும் வகைத் தூக்கம். அத்தகைய தூக்கம் ஒன்று இருப்பதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியல் கிளைட்மனும் வெளியிட்டார்கள். அசெரின்ஸ்கி அந்த வழியில் இறங்கியதே தூங்கும் குழந்தைகளின் கண் அசைவைக் கவனித்ததில் இருந்துதான். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல் நம் வீட்டுப் பெண்களும் இதைக் காலங்காலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். தூக்கத்தில் சிரித்தால் சாமி பூக்காட்டுகிறது, முகத்தைச் சுளித்து விம்மினால் நரி விரட்டுகிறது என்று அம்மா சொல்வார்.

இரவு எது பகல் எது என்பது உடலுக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பு பிறந்த குழந்தையின் உடலில் நேரத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்குவதில்லை. தாயின் இரவுப் பாலில் அது இருக்கிறது. பகல் பாலில் இருப்பது மிகக் குறைவு. இதைப் படித்த நாள் முதல், இரவில் எடுத்த பாலை இரவிலேயே கொடுக்கிறோம். கிண்ணத்தின் மூடியில் ஒட்டும் சிறு தாளில், எடுத்த நேரம் என் மனைவியின் கையெழுத்தில் இருக்கும்.

ஆறாவது வாரம் எங்களுக்குக் கடினமாக இருந்தது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை ஒன்பது மணிவரை நிற்காது. கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் கன்றிச் சிவக்க அழுவான். பச்சிளங்குழந்தைகளின் அழுகை ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதங்களில் தானாகத் தணிந்துவிடும் என்று குழந்தை மருத்துவர் சொன்னார். அம்மா வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவலாம் என்றார். இரவில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அவர் அதைப் 'பேர் சொல்லாதது' என்றே குறிப்பிடுவார். வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னதால், வசம்பை நூலில் கோத்துக் கைக்குக் கட்டியதோடு நிறுத்திக்கொண்டார். அந்த வாசனை இன்னமும் அந்தத் தொட்டில் சேலையில் இருக்கிறது.

உடைந்த தூக்கத்தைப் பற்றி 2014-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். மாணவர்களில் ஒரு பகுதியினரை நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டார்கள். மற்றவர்களுக்கு எட்டு மணி நேரம் கொடுத்து, இடையில் நான்கு முறை தொலைபேசியில் எழுப்பி, ஒவ்வொரு முறையும் பத்து பதினைந்து நிமிடம் ஒரு வேலையைச் செய்யச் சொன்னார்கள். மறுநாள் கவனத்திலும் மனநிலையிலும் இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சரிவு இருந்தது. அதுவும் ஒரே ஓர் இரவில். என் மனைவி நூற்றுக்கும் மேற்பட்ட இரவுகளை அப்படிக் கழித்திருந்தார். அப்பாவின் மில்லில் கதிரில் நூல் அறுந்தால் உடனே பிணைத்துவிடுவார்கள். ஓடுகிற நூல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் பிணைத்த இடத்தில் ஒரு சிறு தடிப்பு விழும், விரலால் தடவினால் தெரியும் என்று அப்பா சொல்வார். இரவில் ஐந்து முறை அறுந்து ஐந்து முறை பிணைத்த தூக்கத்துக்கும் அப்படித்தான் தடிப்பு விழும்.

ஜெர்மானியப் பெற்றோர்களின் தரவுகளைக் கொண்டு இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவுகளிலும் இந்தப் பங்குக் கணக்கு தெளிவாக இருக்கிறது. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் தாய்மார்கள் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத் தூக்கத்தை இழந்தார்கள். தந்தையர் இழந்தது கால் மணி நேரம். முதல் குழந்தை பிறந்து ஆறு ஆண்டுகள் வரையிலும் இருவரின் தூக்கமும் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் அப்போது என் இழப்பு கால் மணி நேரம்கூட இருந்திருக்காது.

மனைவியின் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களில் முடிந்தது. முன்பு 12 வாரமாக இருந்ததை 2017-இல் செய்த சட்டத் திருத்தம்தான் 26 வாரமாக்கியது. அது இல்லையென்றால் எங்கள் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். தந்தைக்கு மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. என்னைப் போலத் தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. இது அநியாயம் என்றே கருதுகிறேன். முதல் வாரத்திலேயே தந்தையும் வீட்டில் இருந்து இரவில் விழித்திருந்தால், யார் எழுந்திருப்பது என்ற பழக்கம் வேறு விதமாகப் பதிந்திருக்கும்.

கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் மனைவியின் இரவு மாறவில்லை. பகல் மட்டும் மாறியது. ஐந்து மணிக்கு எழுந்து, எட்டேகால் மணிக்கு வண்டி ஏறி, ஒன்பது மணிக்கு முதல் வகுப்பை எடுத்து, மாலை ஐந்தரை மணிக்கு வந்து, இரவு பத்தரை மணிக்குப் படுத்து, பன்னிரண்டே கால், இரண்டு, மூன்றரை என்று எழுந்து மறுபடியும் ஐந்து மணிக்குத் தொடங்குவார். அப்படிப் போன மூன்றாவது வாரத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு, பாலர் பள்ளியிலிருந்து காய்ச்சலோடு வந்திருந்த மகளுக்கு 102 டிகிரி ஏறியது.

அந்த இரவு நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், வேறொரு வீட்டில் உதவக்கூடும். எங்கள் மருந்து டப்பாவில் இரண்டு பாராசிட்டமால் புட்டிகள் இருந்தன. ஒன்று மகளுக்கான சிரப். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம். மற்றொன்று, 6, 10, 14-ஆம் வாரத் தடுப்பூசிகளின்போது மகனுக்காக வாங்கிய சொட்டு மருந்து. ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். புட்டி சிறியதாக இருப்பதாலும், கைக்குழந்தைக்குக் கொடுப்பது என்பதாலும் சொட்டு மருந்து வீரியம் குறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டில் அதுதான் இரண்டு மடங்கு செறிவானது. இரவு ஒன்றரை மணிக்கு மனைவி விளக்கைப் போடாமல், தோளில் மகனோடு, டப்பாவில் கைக்குக் கிடைத்த புட்டியை எடுத்து அளவு மூடியில் ஐந்து மில்லிக் கோடு வரை ஊற்றினார். 16 கிலோ எடையுள்ள மகளுக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்த அளவு 5 மில்லி சிரப். மூடியைக் குழந்தையின் வாயருகே கொண்டு போனவர், இடது கையில் இருந்த புட்டி மிகவும் இலேசாக இருப்பதை உணர்ந்து நின்றார். 15 மில்லிப் புட்டியில் மீதியிருந்தது முழுவதும் மூடிக்குள் வந்திருந்தது. சன்னல் பக்கம் வந்து லேபிளைப் படித்திருக்கிறார்.

தண்ணீர் குடிக்க எழுந்த நான் பார்த்தபோது, மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். மூடியில் இருந்த மருந்து சிந்தாமல் பக்கத்தில் இருந்தது. "ஏங்க, நூறை அஞ்சால பெருக்கினா எவ்வளவு?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு வர மாட்டேங்குதுங்க. மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன், வர மாட்டேங்குது" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் கணிதம் கற்பிப்பவர் அவர்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் செயல்திறன் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலியாவில் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விதித்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். அந்த இரவில் மனைவி படுத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் வராது. அதற்கு முந்தைய ஆறு மாத இரவுகளும் அதற்கு அடியில் இருந்தன. அப்படிப்பட்ட ஒருவரின் கையில் இரண்டு குழந்தைகளையும் ஒரு மருந்து டப்பாவையும் விட்டுவிட்டு, நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்தேன். மகளுக்குச் சரியான மருந்தைக் கொடுத்து, மகனைத் தொட்டிலில் போட்டு, மனைவியை என் படுக்கையில் படுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அறை, யாருக்கு அன்று முறை இல்லையோ அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து இரவுகளைப் பிரித்தோம். இரவுக்குள்ளேயே நேரத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முதலில் எண்ணினோம். அப்படிச் செய்தால் இருவருடைய தூக்கமும் நடுவில் அறும் என்பதால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒருவர் முழு இரவையும் பார்ப்பது என்று முடிவு செய்தோம். முறை இல்லாதவர் இரவு பத்தரை மணிக்கு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அழுகை கேட்டாலும் கூப்பிடாமல் வரக்கூடாது. என் முறையின்போது மனைவி படுக்குமுன் பால் எடுத்து வைப்பார். விடியற்காலை ஐந்து மணிக்கு அவரே பாலூட்டுவார். இரவில் பால் சுரப்பதற்கான புரோலாக்டின் அதிகமாக இருப்பதால், இரவுப் பாலூட்டலை அடியோடு நிறுத்தினால் பால் குறையக்கூடும் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இப்படி அமைத்தோம். குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்வதில்லை என்பது கண்டிப்பான விதி. களைத்தவர் அங்கே தூங்கிவிட்டால், மெத்தைக்கும் உடலுக்கும் நடுவே குழந்தையின் மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. மருந்துப் புட்டிகள் தனித்தனி டப்பாவுக்குப் போயின. அலமாரிக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். "2.15 – பால் 70. 3.50 – எழுந்தான், ஆட்டினேன், 4.10 தூங்கினான். பாப்பாவுக்கு மருந்து 12.40, அடுத்தது 6.40-க்கு முன் வேண்டாம்." மில்லில் அடுத்த முறைக்காரர் வந்து இயந்திரத்தின் முன் நிற்கும்வரை முந்தைய முறைக்காரர் நகர மாட்டார் என்று அப்பா சொன்னதை நினைத்துத்தான் அந்த நோட்டை வாங்கினேன்.

முதல் சில இரவுகள் எனக்கு நன்றாக வரவில்லை. மகன் அம்மாவின் வாசனையைத் தேடி என் சட்டையில் முகத்தைப் புரட்டுவான். பாட்டும் எனக்கு வராது. தாலாட்டு என்பதில் 'தால்' என்றால் நாக்கு. நாவை ஆட்டிக் குழந்தையை உறங்க வைப்பதால் அந்தப் பெயர். பிள்ளைத்தமிழில்கூட மூன்றாவது பருவம் தால்தான். ஆனால் எங்கள் பக்கத்துத் தாலாட்டில் மாமன் வருவான், அத்தை வருவாள், சீர் வரும். தகப்பன் தொட்டிலருகே நின்று பாடுவதாக நான் கேட்டதில்லை. அதனால் அப்பாவோடு டவுன் பஸ்ஸில் போன வழியை மெதுவான இராகத்தில் சொல்லத் தொடங்கினேன்: ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், இராமநாதபுரம், சுங்கம், டவுன்ஹால், உக்கடம். உக்கடம் வந்தால் மறுபடியும் ஒண்டிப்புதூரிலிருந்து. நான்காவது நடையில் கண் சொருகிவிடும். இப்போது முதல் நடையிலேயே கொட்டாவி விடுகிறான்.

மகளின் இரவு வேறு வகை. தம்பி பிறந்த சில வாரங்களுக்குப் பிறகு, படுத்து ஒன்றரை மணி நேரத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து அலறத் தொடங்கினாள். கண்கள் திறந்திருக்கும், நாங்கள் கூப்பிடுவது கேட்காது, கட்டிப்பிடித்தால் இன்னும் உதறுவாள். பத்து நிமிடத்தில் அப்படியே சாய்ந்து தூங்கிவிடுவாள். காலையில் கேட்டால் எதுவும் நினைவில் இருக்காது. இது கெட்ட கனவில்லை, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை, இந்த வயதில் பல குழந்தைகளுக்கு வருவதுதான் என்றார் மருத்துவர். எழுப்ப முயலாமல், விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும் என்றும், அன்றாடத் தூக்கம் குறையும்போது இது கூடும் என்றும் சொன்னார். அம்மா, "புள்ள எங்கியோ பயந்திருக்குது" என்று மந்திரித்துத் திருநீறு வாங்கி வந்தார். மகளுக்கு அது பிடித்துப்போனதால், படுக்குமுன் பாட்டி மடியில் உட்கார்ந்து நெற்றியைக் காட்டுவது இரவின் ஒரு பகுதியாகிவிட்டது. அதே நேரத்தில் நாங்கள் அவளை ஒன்பதே முக்காலுக்குப் பதிலாக எட்டே முக்காலுக்குப் படுக்க வைக்கத் தொடங்கினோம். மூன்று முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஆறரை மணிக்கு எழுப்பப்படும் குழந்தைக்கு அவ்வளவு நாளும் ஒன்பது மணி நேரத்துக்குக் கீழேதான் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அலறல் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம்.

பகல்கள் முன்பு போலவேதான் ஓடுகின்றன. பால் பாக்கெட்டை எடுப்பது, இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவது, ஒரு காலணி மட்டும் கிடைக்காமல் கட்டிலுக்கு அடியில் தேடுவது, ராகிக் கூழ் ஒட்டிய கையோடு வேன் ஓட்டுநருக்கு இரண்டு நிமிடம் என்று சைகை காட்டுவது எதுவும் குறையவில்லை. என் முறை முடிந்த பகலில் பதினொரு மணிக்குத் திரையில் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன; அந்த நாட்களில் வண்டியை எடுக்காமல் பேருந்தில் போகிறேன். ஆனால் மறுநாள் இரவு ஏழு மணி நேரம் அறாத தூக்கம் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்திருப்பதால் அந்தப் பகலைத் தாண்டிவிட முடிகிறது. முறை மாற்றிய இரண்டாவது வாரத்தில் மனைவி, "நேத்து எனக்குக் கனவு வந்துச்சுங்க" என்றார். என்ன கனவு என்று கேட்டேன். அது நினைவில்லை, கனவு வந்ததே போதும் என்றார்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு முதலில் பிடிக்கவில்லை. ஆண்பிள்ளை இராத்திரி விழித்துப் பால் ஊற்றுவதா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை, என் முறை முடிந்து நான் காலையில் படுத்திருந்தபோது, அறை திடீரென்று இருட்டானது. கண்ணைத் திறந்தால், அம்மா சன்னல் கம்பியில் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அதே முடிச்சு.

அன்று மாலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "தங்கச்சி பொறந்தப்ப நீ எப்பம்மா தூங்குன?" என்று கேட்டேன். கை நிற்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார். "ரேசன் கடையில சீமெண்ணெய்க்கு வரிசையில நிக்கையில, செவுத்துல சாஞ்சு நின்னுட்டே தூங்கியிருக்கேன் கண்ணு. பின்னாடி நிக்கறவங்க எழுப்பி விடுவாங்க" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவு மனைவியின் முறை. பல் முளைக்கும் நேரம் என்பதால் மகன் நான்கு முறை எழுந்திருக்கிறான். நோட்டில் கடைசிக் குறிப்பு 5.25. மகனை நான் வாங்கிக்கொண்டதும் மனைவி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எட்டு மணிக்கு அம்மா பரணிலிருந்து போர்வையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அந்த அறைக்குள் போனார். குக்கரை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அரிசியைப் பாத்திரத்தில் வடிக்கப் போட்டார். பொம்மை ரயிலோடு கூடத்துக்கு ஓடிவந்த மகளைப் பிடித்து நிறுத்தி, "அம்மா முழு நைட் பார்த்துட்டுப் படுத்திருக்குது, சத்தம் போடாத சாமி" என்றார். மகள் ரயிலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கீரைக்காரம்மா கூடையை இறக்கி "கீரே..." என்று குரலெடுத்தபோது, கேட்டின் கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.